ஓடுவதா பெரிது, நிற்பதா பெரிது?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேரைப் பொறுத்தவரையில் ஓடாமையே பெருங் குறையாகும். ஆனால், வெண்பனி மூடிய வீதியிற் செல்லும் மோட்டார் வண்டிக்கு ஓடாமை சிறு குறையே. நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமைதான் பெருங் குறை. ஓடாத வண்டி அதற்குரியவரை வேலைக்குப் பிந்தச் செய்யும். நில்லாத வண்டியோ அவரை வீட்டுக்குத் திரும்பவிடாமலே செய்துவிடக் கூடும். இந்த வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொண்டால், இவ்வாரம் நாம் ஆராயப் புகும் பொருள் எளிதில் விளங்கும்.

கனடா, நோர்வே, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி ஆகிய குளிர் நாடுகளில் ஓர் உறவினரேனும் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று நம்மிடையே அரிது. அங்கே கார்த்திகை பிறக்கும்போதே வண்டியைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடுகிறது. ரொறன்ரோ நகரில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எழுதிய கடிதத்தில் ஒரு வினாவை விடுத்திருக்கிறார். கடன்பட்டு, நான்கு சில்லுகளும் இயங்கும் புதிய வண்டியொன்றை வாங்குவதா, அன்றிக் கைவசமுள்ள பணத்தில் முன்சில்லுகள் மாத்திரம் இயங்கும் எளிய வண்டியொன்றை வாங்கி, எஞ்சிய பணத்திற் பனிக்கால ரயர்களைப் பூட்டுவதா என்பதே அவ்வினா. “நாற்சில்லு இயக்கம் இருந்தால் எந்த ரயரும் போதும் என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள்; விடியுமுன் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுபவள் என் மனைவி; ஆகையால் நன்கு ஆராய்ந்து எழுதுங்கள்” என்று முடித்திருக்கிறார். இது பணத்தைப் பற்றிய வினா மாத்திரமன்று என்பது வெளிப்படை.

முதலிற் பனி என்பது யாது என்று தெளிதல் நன்று. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வேலியோரப் புல்லின்மீது நிற்கும் நீர்த்துளி. அல்லது பனந்தோப்பை மறைக்கும் மெல்லிய புகார். குளிர் நாட்டுப் பனி ஒன்றன்று, பல. வானிலிருந்து பஞ்சுபோல விழும் புதுப்பனி ஒன்று. வண்டிகள் ஏறியேறி இறுகிப் பலகைபோலான பனி மற்றொன்று. பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடிபோலாகிய பனிக்கட்டி இன்னொன்று. இவற்றுட் கொடியது கடைசியிற் சொன்னதே. தார் வீதியின் கருமை தன்னூடாகத் தெரியும்படி மெல்லிய படலமாக அது கிடப்பதால், ஓட்டுபவர் கண்ணுக்கு வெறும் ஈரமாகவே தோன்றும். வெப்பநிலை உறைநிலையை அண்டி நிற்கும்போது கட்டியின் மேல் நீர்ப்படலமும் சேர்ந்து, வழுக்கல் மிகக் கூடுதலாகும். கடுங்குளிரிற் காய்ந்து கிடக்கும் கட்டியைவிட, பூச்சியப் பாகையில் நனைந்து கிடக்கும் கட்டியே ஆபத்தானது.

இனி, பெளதிகம் பயிலும் மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். வண்டியை நிறுத்துவது பிறேக் என்று நாம் சொல்லுகிறோம். உண்மையிற் பிறேக் சில்லைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது ரயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள உராய்வு. காய்ந்த தார் வீதியில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7 எனக் கொள்ளலாம். இறுகிய வெண்பனியில், சாதாரண ரயருக்கு அது 0.2 அளவுக்கு இறங்கிவிடும். வழுக்கும் பனிக்கட்டியில் 0.1 அல்லது அதனினும் குறைவு. வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி வருவதன் இருமடங்கால் வகுத்தால், வண்டி நிற்கும் தூரம் கிடைக்கும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி காய்ந்த வீதியில் 14 மீற்றரில் நிற்கும். இறுகிய பனியில் 49 மீற்றர் வேண்டும். பனிக்கட்டியில் 98 மீற்றர் வேண்டும். ஆபத்தைக் கண்டு காலைப் பிறேக்கில் வைப்பதற்குச் செல்லும் ஒரு விநாடியில் வண்டி ஓடும் 14 மீற்றரை இவற்றோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இக்கணக்கில் வண்டியின் நிறை எங்கும் வரவில்லை என்பதை மாணவர்கள் கவனித்திருப்பார்கள். நிறை கூடினால் உராய்வும் கூடும்; நிறுத்தவேண்டிய பாரமும் அதே அளவிற் கூடும்; இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். பாரமான வண்டி பனியில் நன்றாகப் பிடித்து நிற்கும் என்பது பலரும் நம்பும் பொய். எத்தனை சில்லுகளை எஞ்சின் இயக்குகிறது என்பதும் இக்கணக்கில் இல்லை. எந்த மோட்டார் வண்டியிலும் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் உண்டு. ஆகையால், நிற்கும் வேளையில் எல்லா வண்டிகளும் நாற்சில்லு வண்டிகளே.

அப்படியாயின் நாற்சில்லு இயக்கத்தின் பயன் யாது? அதை அறிய, எஞ்சினின் வலு சில்லுகளைச் சேரும் வகைகளைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 ஆகியவை பின்சில்லு இயக்க வண்டிகள். எஞ்சின் முன்னே இருக்க, வலு பின்னே செல்லும். பின்புறம் பாரங் குறைந்த வண்டியானால் இயங்கும் சில்லுகளுக்குப் பனியிற் பிடிப்புப் போதாது. திருப்பத்தில் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வீசவும் கூடும். பின்சில்லு இயங்கும் பிக்கப் வண்டி வைத்திருப்போர் மாரி காலத்தில் அதன் பின்தட்டில் மணல் மூட்டைகளை ஏற்றுவது இதனாலேதான். முன்சில்லு இயக்கத்தில், எஞ்சினின் பாரம் இயங்கும் சில்லுகளின்மேலேயே அமர்கிறது. பிரான்சின் சித்ரோவன் நிறுவனம் 1934ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தின் மினி வண்டி 1959ஆம் ஆண்டிலும் இவ்வமைப்பைப் பரப்பின. இன்று சிறு வண்டிகளுட் பெரும்பாலானவை இவ்வகையின.

நான்கு சில்லுகளையும் இயக்கும் வண்டிகளிலும் இரு பிரிவு உண்டு. ஜீப் வண்டியின் பழைய முறையில், வேண்டியபோது ஒரு நெம்புகோலால் முன்சில்லுகளையும் இணைத்துக்கொள்ள வேண்டும். சேற்றிலும் ஆழ்ந்த பனியிலும் அது வல்லது. காய்ந்த வீதியில் அவ்வாறு இணைத்தபடியே ஓட்டினால் பற்சக்கரங்கள் நெரிபட்டுப் பழுதாகும். மற்றையது, ஓட்டுபவர் எதுவும் செய்யாமலே வலுவைப் பகிர்ந்துகொள்ளும் முறை. யப்பானின் சுபாரு நிறுவனம் 1972ஆம் ஆண்டிற் குடும்ப வண்டியொன்றில் நாற்சில்லு இயக்கத்தை அமைத்தது. ஜேர்மனியின் அவுடி நிறுவனம் 1980ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியிற் குவாட்றோ வண்டியைக் காட்டியபின் அதன் புகழ் உலகெங்கும் பரவியது.

நாற்சில்லு இயக்கத்தின் பயன் புறப்படுவதிலும் ஏறுவதிலும் உள்ளது. இயங்கும் சில்லுகளின்மேல் நிற்கும் பாரமே இழுவைக்கு உதவும். முன்சில்லு வண்டியில் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ 100க்கு 60 பங்கு முன்னே நிற்கிறது. நாற்சில்லு வண்டியில் முழுப் பாரமும் இழுவைக்கு உதவுகிறது. இப்பொழுது நமது மாணாக்கர் கேட்ட இரு வண்டிகளையும் அருகருகே நிறுத்துவோம். முதலாவது, சாதாரண ரயர் பூட்டிய நாற்சில்லு வண்டி. உராய்வுக் குணகம் 0.2. இரண்டாவது, பனிக்கால ரயர் பூட்டிய முன்சில்லு வண்டி. நல்ல ரயரால் உராய்வுக் குணகம் 0.3 ஆக உயர்ந்ததெனக் கொள்வோம். ஏற்றத்திற் பாரம் பின்னே சாய்வதைக் கணக்கில் எடாமல் விட்டால், முதல் வண்டி 100க்கு 20 என்ற சரிவை ஏறும். இரண்டாவது 100க்கு 18 என்ற சரிவை ஏறும். ஏறுவதில் வேறுபாடு சிறிதே. நிற்பதிலோ, முதல் வண்டிக்கு 49 மீற்றர் வேண்டும். இரண்டாவது 33 மீற்றரில் நின்றுவிடும். இடையே உள்ள 16 மீற்றரில் மூன்று வண்டிகளை வரிசையாக நிறுத்தலாம். பாடசாலைப் பிள்ளைகள் வீதியைக் கடக்கும் இடத்தில் அந்தப் 16 மீற்றரின் பெறுமதியை எந்தக் கடையிலும் விலை பேச முடியாது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. முன்சில்லு வண்டி புறப்படும்போதே சிறிது வழுக்கி, “இன்று வீதி நன்றாக இல்லை” என்று ஓட்டுபவரை எச்சரிக்கிறது. நாற்சில்லு வண்டி அந்த எச்சரிக்கையைத் தராமல் இலகுவாகக் கிளம்பிவிடுகிறது. ஓட்டுபவர் துணிவு கொள்கிறார், வேகம் ஏறுகிறது, முதன்முறை பிறேக்கை அழுத்தும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. வண்டி சுழலாமற் காக்கும் மின்னணுக் கருவிகள் இப்பொழுது புதிய வண்டிகளில் உண்டு. கனடாவில் 2012ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து அவை கட்டாயமாயின. அவை உயிர்காக்கும் கருவிகளே. ஆயினும், உள்ள பிடிப்பைச் செவ்வனே பயன்படுத்தத்தான் அவற்றால் முடியும். இல்லாத பிடிப்பைப் படைக்க முடியாது. ரயரின் பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தைப் போன்றது. விரைவதற்கும், திரும்புவதற்கும், நிற்பதற்கும் அந்த ஒன்றிலிருந்தே செலவிட வேண்டும். திருப்பத்தில் முழுவதையும் செலவிட்டுவிட்டால், நிற்பதற்குக் கையில் ஒன்றும் இராது.

ஆகவே எல்லாம் ரயரில் வந்து முடிகிறது. ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையின் அகலமே. கோடைகால ரயரின் றப்பர்க் கலவை, வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்க இறங்க இறுகத் தொடங்கும். இறுகியது வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களைத் தழுவாது. பனிக்கால ரயரின் கலவை கடுங்குளிரிலும் நெகிழ்ச்சி குன்றாதவாறு ஆக்கப்படுகிறது. அதற்காக இயற்கை றப்பரைக் கூடுதலாகச் சேர்ப்பதுண்டு. இயற்கை றப்பர் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் மென்மையாயிருக்கும் இயல்பினது. 1876ஆம் ஆண்டு கியூ பூங்காவிலிருந்து வந்து நம் நாட்டின் கம்பகா ஹெனரத்கொடைப் பூங்காவில் ஊன்றிய றப்பர்க் கன்றுகள் ஆசியாவின் றப்பர்ச் செய்கைக்குத் தொடக்கங்களுள் ஒன்றாயின. வெப்ப நாட்டு மரத்தின் பால், பனி நாட்டு வீதியில் மனிதருக்குப் பிடிமானம் ஆவது வியத்தற்குரியதன்றோ!

கலவை மாத்திரமன்று, ரயரின் முகப்பும் வேறானது. ஆழ்ந்த பள்ளங்களுக்கிடையே உள்ள கட்டைகளில், கத்தியாற் கீறியவைபோல நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் இருக்கும். அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்வும். பள்ளங்கள் பனியைத் தம்முள் அடைத்துக்கொள்ளும். பனியோடு பனி ஒட்டும் இயல்பாற் பிடிப்பு மிகும். பின்லாந்தின் றப்பர்த் தொழிற்சாலையொன்று, இன்றைய நோக்கியன் ரயர்ஸ் நிறுவனத்தின் முன்னோடி, 1934ஆம் ஆண்டில் லொறிகளுக்கும் 1936ஆம் ஆண்டிற் கார்களுக்கும் பனிக்கால ரயர்களைச் செய்தது. பனியோடு வாழ்ந்த மக்களின் பட்டறிவிற் பிறந்த பொருள் இது.

கடையில் ரயர் வாங்குவோர் அதன் பக்கச் சுவரைப் பார்த்தல் வேண்டும். “எம்”, “எஸ்” என்னும் ஆங்கில எழுத்துக்கள் சேறு, பனி என்பவற்றைக் குறிக்கும். ஆனால், அவை முகப்பின் அமைப்பைக் கொண்டு ஆக்கியோர் தாமே பொறிப்பவை; பரீட்சையிற் பெற்ற புள்ளிகள் அல்ல. மூன்று சிகரமுடைய மலையும் அதனுள்ளே ஒரு பனித்துகளும் கொண்ட சின்னமே, பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அடையாளம். 1999ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் இது வழக்கிற்கு வந்தது. எல்லாக் காலத்துக்கும் என விற்கப்படும் ரயர்களுட் சில இச்சின்னம் பெற்றவை, பல பெறாதவை. பெற்றவற்றிலும், கடும் மாரிக்கென்றே ஆக்கிய ரயர் பனிக்கட்டியில் மேலானது. இச்சின்னம் வெண்பனிச் சோதனைக்குரியதே, பனிக்கட்டிக்கு உரியதன்று.

அரசுகளும் இதனை உணர்ந்துள்ளன. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008ஆம் ஆண்டு பனிக்கால ரயரைக் கட்டாயமாக்கியது. இன்று அங்கே திசெம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரை அது சட்டம். ஒன்ராறியோவிற் கட்டாயமில்லை, எனினும், பனிக்கால ரயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்திற் கழிவு வழங்க வேண்டுமென 2016ஆம் ஆண்டு முதல் விதி உண்டு. கேட்டுப் பெறாமல் விடுவோர் தம் பணத்தையே இழக்கிறார்கள். ஜேர்மனியில், பனியோ கட்டியோ வீதியிற் கிடக்கும்போது தக்க ரயரின்றி ஓட்டுவது 2010ஆம் ஆண்டு முதல் குற்றம். 2024 ஒக்ரோபர் முதல் மலைச் சின்னமுடைய ரயரே அங்கு செல்லும். இச்சட்டங்களில் ஒன்றேனும் நாற்சில்லு வண்டிக்கு ரயர் விதியிலிருந்து விலக்கு அளிக்கவில்லை என்பது கவனித்தற்குரியது.

உருக்கு ஆணி பதித்த ரயர்களும் உண்டு. பளிங்குபோன்ற பனிக்கட்டியில் அவை மிக வல்லவை. ஆனால், வெறும் தார் வீதியை அவை சுரண்டித் தூசெழுப்பும். அதனால் நோர்வேயின் ஒஸ்லோ, பேர்கன் முதலிய நகரங்கள் அவற்றுக்குக் கட்டணம் அறவிடுகின்றன. ஒன்ராறியோ மாகாணம் தன் வட பகுதியில் வாழ்வோருக்கே அவற்றை அனுமதிக்கிறது. நகரவாசிக்கு ஆணியில்லாத நல்ல பனி ரயர் போதுமானது.

வாங்குவோர் கைக்கொள்ள வேண்டிய விதிகள் சிலவே. முதலாவது, வாங்கினால் நான்கும் வாங்குக. பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணி முன்னே இரண்டை மாத்திரம் பூட்டினால், முன்புறம் பிடிக்கப் பின்புறம் வழுக்கி, வண்டி வீதியிற் பம்பரமாகும். இரண்டாவது, பள்ளத்தின் ஆழத்தை அளக்குக. சுவீடனிலும் நோர்வேயிலும் பனிக்காலத்துக்குக் குறைந்தது 3 மில்லிமீற்றர், ஒஸ்திரியாவில் 4 மில்லிமீற்றர் என விதித்துள்ளனர். மூன்றாவது, காற்றைப் பார்க்குக. 20 பாகையிற் சதுர அங்குலத்துக்கு 33 இறாத்தல் அமுக்கம் இருந்த ரயர், பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகையில் ஏறத்தாழ 27 இறாத்தலுக்கு இறங்கிவிடும். வாயு விதிகளைப் படித்த மாணவர்கள் இதனைத் தாமே கணித்துக்கொள்ளலாம். நான்காவது, வசந்தம் வந்ததும் அவற்றைக் கழற்றி வைக்குக. மென்மையான றப்பர் சூடான வீதியில் விரைந்து தேயும். ஒருவகை ஓடும்போது மற்றது ஓய்வெடுப்பதால் இரண்டும் நெடுநாள் உழைக்கும். ஆகவே இரண்டாந் தொகுதிக்கு இடும் பணத்திற் பெரும் பகுதி வீண்போவதில்லை.

இனி, மாணாக்கருக்கு என் விடை இது. அவர் வாழ்வது ரொறன்ரோவில். பெருந்தெருக்களில் இயந்திரங்கள் பனியை வழித்து உப்பிடும் நகரம். அங்கே முன்சில்லு வண்டியும் நான்கு நல்ல பனி ரயரும் போதும், கடன் வேண்டாம். அவர் வட ஒன்ராறியோவிலோ, நோர்வேயின் வடகோடியிலோ, ஆல்ப்ஸ் மலைச்சரிவிலோ வாழ்ந்து, வழிக்காத பனியில் ஏற்றம் ஏறிப் போக வேண்டியவராயின், நாற்சில்லு வண்டியை வாங்குக என்றே எழுதியிருப்பேன். அப்பொழுதும், பனி ரயரோடு சேர்த்து வாங்குக என்று அடிக்கோடிட்டிருப்பேன். இரண்டும் இருப்பது சிறப்பு. ஒன்றுக்கே பணம் உண்டெனில், அது ரயருக்கு.

இங்கிருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை தொலைபேசியிற் பேசும்போது, “என்ன கார் வாங்கினாய்?” என்று கேட்கிறோம். அயலாருக்குச் சொல்லிப் பெருமைப்பட அந்தக் கேள்வி உதவும். அதனால், பிள்ளைகளும் அயலார் காணும் வண்டிக்கே பணத்தைக் கொட்டி, எவரும் காணாத ரயரில் மிச்சம் பிடிக்கிறார்கள். இனிமேல், “பனி ரயர் நான்கும் பூட்டியாயிற்றா? காலையில் நேரத்தோடு புறப்படுகிறாயா?” என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்வி முதலாவதினும் பெரியது. மணிக்கு 50 கிலோமீற்றரை 25 ஆகக் குறைத்தால், சாதாரண ரயருக்கு வேண்டிய 49 மீற்றர் 12 ஆகச் சுருங்கிவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் காற்பங்காகும் என்ற அந்தச் சிறு கணக்குக்கு விலை இல்லை. பத்து நிமிடம் முந்தி எழுந்தாற் போதும்.